முலாம் என்று சொன்ன மாப்பிள்ளைக்கு

மதிப்பும், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதால் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்தவர்கள் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறார்கள். இங்கே நான் நலமில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ் மிஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, வர்ற வழியில யார்கூடயாவது சண்டை போட்டீங்களா?" என்று கேட்டார். இனிமேல்தான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் குரலை உயர்த்தியதும் உங்களுக்கு மட்டும் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை, கடைசி வரி வரை படித்தே ஆகவேண்டும். நான் எழுதும் எதையும் உங்கள் அத்தை ஒரு முறை படித்துப் பார்த்த பிறகுதான் உறைக்குள் போடுவாள் என்பது உங்களுக்குத் தெரியும். "மாப்பிள்ளைக்கு யாராவது இப்படி எழுதுவாங்களா, கொஞ்சம் தணிச்சு எழுதுங்க" என்பாள். இந்த முறை ஒரு எழுத்தைக்கூடத் தணிக்கமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டேன். எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். நறுக்குகிற வேகத்தைப் பார்த்தால் அவளுக்கும் உங்கள்மேல் கோபம் இருக்கிறது என்றே படுகிறது.

நடந்தது உங்களுக்கு மறந்திருக்கும், அதனால் நானே சொல்கிறேன். உங்கள் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக எங்கள் வீட்டில் தங்க வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்து, நான் பீரோவைத் திறந்து, பஞ்சு வைத்த சின்ன டப்பாவை எடுத்துவந்து, என் அப்பாவின் நாணயத்தைச் சம்பந்தியின் உள்ளங்கையில் வைத்தேன். சரியான வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் சற்றே சப்பையாக, விளிம்பில் ஒரு வெட்டுடன், ஒரு முகத்தில் பாயில்லாத படகும் மறுமுகத்தில் எந்த மொழியென்று யாருக்கும் தெரியாத எழுத்தும் உள்ள நாணயம். என் அப்பா சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். எங்கிருந்தோ வந்த ஒரு வழிப்போக்கர் அதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வேலை கிடைத்த அன்று அப்பா அதை என் கையில் வைத்து, "இது சாதாரணக் காசு இல்லைடா. தங்கம். பத்திரமா வெச்சுக்கோ" என்றார். டியூபில் ஒரு ஓட்டை இருந்தால் ஒன்று என்றும் இரண்டு இருந்தால் இரண்டு என்றும் சொன்ன மனிதர். அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்த நாணயமும் அந்த வார்த்தையும்தான். வேறு ஒரு துரும்பு கிடையாது.

சம்பந்தி அதைக் கையில் ஏந்தி, "நல்ல கனமா இருக்கே" என்றார். அந்த நேரத்தில்தான் நீங்கள், பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுக்கக்கூட மனமில்லாமல், "அது முலாம்தானே மாமா" என்றீர்கள். 'முலாமா மாமா' என்று கேட்டிருந்தால்கூட ஏதோ அறியாமல் கேட்கிறார் என்று விட்டிருப்பேன். 'முலாம்தானே'. பக்கத்தில் நின்று பூசுவதைப் பார்த்தவர் மாதிரி. சம்பந்தி நாணயத்தைத் தண்ணீர் டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு, "மின்னுறதெல்லாம் பொன்னில்லைன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தார். உள்ளே உங்கள் அத்தை கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்த சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும். தங்கத்தைப் பழித்தால் அவளுக்கே அவ்வளவு அதிர்ச்சி. அன்று முழுவதும் அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாப்பிள்ளை, நான் முப்பத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன். அழித்து எழுதிய தேதி, ஒட்டுப்போட்ட பாஸ், செத்துப்போன மாமனின் அடையாள அட்டை, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். எதிரே வருகிறவர் சட்டைப் பையில் கைவிடும் விதத்தை வைத்தே உள்ளே இருப்பது அசலா போலியா என்று சொல்லிவிடுவேன். ஒருவனையும் விட்டதில்லை. அப்படிப்பட்ட என் பீரோவில், இத்தனை வருடம், என் மூக்குக்குக் கீழே ஒரு போலி இருந்ததாம். அதை நேற்றுக் குடும்பத்துக்குள் வந்த நீங்கள் கண்டுபிடித்தீர்களாம். இந்தப் பேச்சைப் பொய் என்று நிரூபிக்காமல் விடுவதில்லை என்று மறுநாளே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போனது நகைக்கடைக்கு. வாசலில் ஏசியெல்லாம் போட்ட கடை இல்லை, பின்கட்டில் பட்டறையோடு இருக்கிற பழைய கடை. அந்த மனிதர் நாணயத்தை வாங்கி என்னைக் கேட்காமல் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். கோடு மஞ்சளாக விழுந்தது. நான் வெற்றிப் புன்னகையுடன் நாற்காலியில் சாய்ந்தேன். அவர் விட்டாரா? அதே இடத்தில் இன்னொரு இழுப்பு, பிறகு இன்னொன்று, கத்தியைச் சாணை பிடிக்கிற மாதிரி. நான்காவது கோடு வெளுப்பாக விழுந்தது. ஏதோ ஒரு சொட்டுத் திராவகத்தை விட்டுப் பார்த்து, "மேல தங்க முலாம் சார், அடியில வெள்ளி" என்றார். உரசி உரசித் தங்கத்தைக் கல்லில் எடுத்துக்கொண்டு அடியில் தங்கம் இல்லை என்கிறார். சோற்றைத் தின்றுவிட்டுத் தட்டு காலி என்பவரை என்ன சொல்வது? அந்த உரைகல்லையே என்னிடம் கொடுங்கள், அதில் ஒட்டியிருப்பது என் அப்பாவின் சொத்து என்றேன். பட்டறை ஆட்கள் இரண்டு பேர் என்னைப் பணிவாகத் தெருவரை கொண்டுவந்து விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அத்தை, "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "முட்டாள், வெள்ளியாம்" என்றேன். "அப்படியா" என்றாள். அன்றைய காபியில் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாக இருந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பது உலகத்துக்கே தெரியும்.

வெள்ளி என்ற பேச்சைப் பொய்யாக்க நான் அடுத்துப் போன இடம் பழைய இரும்புக்கடை. உலோகத்திலேயே உருண்டு புரளுகிறவருக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை. அவர் தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் காந்தம் வைத்திருந்தார். அதை நாணயத்தின்மேல் காட்டினார், நாணயம் சும்மா இருந்தது. எனக்கு மகிழ்ச்சி. உடனே ஒரு அரத்தை எடுத்து, நான் "ஐயையோ" என்று சொல்லி முடிப்பதற்குள், விளிம்பில் நாலு தேய் தேய்த்துவிட்டார். தேய்த்த தூளைக் காகிதத்தில் தட்டிக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். பாதித் தூள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "நிக்கல் அண்ணே. குழாய்க்கெல்லாம் அடிப்பாங்களே, அது" என்றார். என் அப்பாவின் நினைவைக் குழாயோடு சேர்த்துப் பேசிய அந்த ஆளிடம் நான் என்ன சொன்னேன் என்பதை உங்கள் அத்தை அடிக்கச் சொல்கிறாள், அதனால் எழுதவில்லை. காகிதத்தில் இருந்த தூளை மட்டும் மடித்து வாங்கிக்கொண்டு வந்தேன். அதுவும் டப்பாவில் இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் எதிர்வீட்டு வேதியியல் வாத்தியார் தானாகவே வந்து தலையைக் கொடுத்தார். "எதுக்கு சார் ஊரெல்லாம் அலையறீங்க, தண்ணியில எடை பார்த்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்றார். அவர் வீட்டுச் சமையலறையிலேயே சோதனை நடந்தது. நாணயத்துக்கு நூலால் சுருக்குப் போட்டு, தராசில் ஒரு முறை அந்தரத்தில் நிறுத்தார், தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு முறை நிறுத்தார். ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டார். "எட்டரை வருது சார். தங்கமா இருந்தா பத்தொன்பது வரணும். இது பித்தளை" என்றார். வெங்காயம் நிறுக்கிற தராசு, பருத்தி நூல், டம்ளரில் குழாய்த் தண்ணீர். இந்த மூன்றையும் நம்பி என் அப்பாவை நம்பாமல் இருக்கவேண்டுமாம். இதே வாத்தியார் போன மாதம் மின்சாரக் கட்டணத்தைக் கூட்டத் தெரியாமல் என்னிடம் வந்தவர். நான் அதைச் சொல்லிக் காட்டியதில் இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் உங்கள் அத்தை போர்வை காயப்போடும் உரிமையும் போய்விட்டது. எல்லாம் உங்கள் திருவாயால்.

நம் தெரு மூலையில் முலாம் கடை ஒன்று இருக்கிறதே, அங்கே கேட்டால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாரே என்று அந்தச் சண்டைக்கு முன்பே வாத்தியார் மனைவி யோசனை சொல்லியிருந்தார். உங்கள் அத்தை உடனே, "அங்க மட்டும் வேண்டாங்க, அந்த ஆளு வாய் சரியில்லை" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். தங்கத்தைக் கொண்டுபோய் முலாம் பூசுகிறவரிடம் காட்டுவதா? அந்தக் கடை இருக்கும் பக்கமே நான் திரும்பவில்லை.

கடைசியாக நாணயம் சேகரிப்போர் சங்கத் தலைவரைப் பார்க்கப் போனேன். டயர் கடை மாடியில் ஒரு அறை, சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். கைக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டு, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, படகைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், இரும்புக்கடைக்காரர் அரத்தால் தேய்த்த இடத்தை மிக நீண்ட நேரம் பார்த்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு என்னை ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலைக் கேட்டு என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை எழுத என் பேனா கூசுகிறது. அவர் நாணயத்தைப் பற்றிச் சொன்னதை எழுதுவதும் வீண் வேலை. படித்த மனிதர் உளறுவதற்கும் ஒரு அளவு உண்டு. குடையைக்கூட அங்கேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டு வந்தேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவர் வெள்ளி என்கிறார், ஒருவர் நிக்கல் என்கிறார், ஒருவர் பித்தளை என்கிறார். ஒரே இருக்கைக்கு மூன்று பேர் டிக்கெட் காட்டினால் என்ன அர்த்தம்? மூன்று பேர் டிக்கெட்டும் செல்லாது என்று அர்த்தம். மூவரையும் இறக்கிவிட்டால் இருக்கை யாருடையது? முதலில் உட்கார்ந்தவருடையது. முதலில் சொன்னவர் என் அப்பா. ஆகவே தங்கம். இதற்குமேல் எனக்கு ஒரு ஆராய்ச்சியும் தேவையில்லை. படித்துக் காட்டினேன், உங்கள் அத்தையும் "ஆமா, தங்கம்தான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பீன்ஸ் நறுக்கினால் கண்ணில் நீர் வருமா என்பதை நீங்கள் வேண்டுமானால் ஆராய்ச்சி செய்யுங்கள்.

ஆனால் உங்கள் ஒரு வார்த்தையால் நாணயம் இளைத்துப்போய்விட்டது. விளிம்பில் ஒரு பக்கம் வழுக்கை, படகின் மூக்கில் உரைகல் காயம். அதனால் என் முடிவைத் தெரிவிக்கிறேன். சம்பந்தி முன்னிலையில் சொன்னதைச் சம்பந்தி முன்னிலையிலேயே திரும்பப் பெற்று, "மாமா, அது தங்கம்" என்று நீங்கள் எழுத்தில் தரும்வரை உங்கள் புது வீட்டு வாசலை நாங்கள் மிதிப்பதாக இல்லை. அங்கே வருவதற்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யப்போகிறேன். நீங்கள் கடன் வாங்கிப் போன என் அலுமினிய ஏணியையும் உடனே திருப்பி அனுப்பவும். ஏறிவிட்டவர்கள் ஏணியை நினைக்கமாட்டார்கள் என்பது தெரிந்த சங்கதிதான்.

பேத்திக்கு என் முத்தங்கள். மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் ஆசிகள் உண்டு. தங்கம் என்ற எழுத்து கைக்கு வந்ததும் அவை தனித் தபாலில் அனுப்பி வைக்கப்படும்.

இப்படிக்கு,
தங்கத்தைத் தங்கம் என்று சொன்னவரின் மகனாகிய உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மை நிறம் மாறியிருக்கும். இது தபால் நிலையத்து மேசையில், நூல் கட்டித் தொங்கவிட்ட பேனாவால், தனிச் சீட்டில் எழுதுவது. உங்கள் அத்தை மேலே உள்ளதைப் படித்து, "ரொம்ப காரமா இருக்கு, சரி போகட்டும்" என்று சொல்லி உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டாள். நான் அதை எச்சில் காய்வதற்குள் பிரித்திருக்கிறேன். இந்தச் சீட்டைப் படித்ததும் கிழித்துப்போடுங்கள். என் மகளிடமும் காட்டவேண்டாம், அவளுக்கு வாயில் எதுவும் தங்காது.

அது முலாம் என்று எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருடம் டிக்கெட் பார்த்தவனுக்குப் போலி தெரியாதா? எங்களுக்குக் கல்யாணமான புதிதில் உங்கள் அத்தை ஆசையாகப் பாத்திரப் பவுடர் போட்டு அதைத் தேய்த்தாள். மஞ்சள் போய்ச் செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக ஆகிவிட்டது. என் அப்பாவின் தங்கத்தைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து, வீட்டுக் குழாயைக் கொண்டுபோகிற சாக்கில் மூலைக்கடைக்குப் போய் நிக்கல் அடித்து, அதன்மேல் தங்க நிறம் பூசிக்கொண்டு வந்து டப்பாவில் வைத்தாள். அன்று சாயங்காலமே பார்த்துவிட்டேன். சொன்னால் அழுவாள் என்று சொல்லவில்லை. அதன் பிறகு மங்கும்போதெல்லாம் அது காணாமல்போய்ப் பளபளவென்று திரும்பி வரும். ஒரு முறை கடைக்காரர் யாருடைய வெள்ளிக் கோப்பையோடோ சேர்த்து முக்கிவிட்டார், வெள்ளை வெளேரென்று வந்தது. பீரோ சாவி தொலைந்துவிட்டது என்று இரண்டு வாரம் நடித்தாள். மாற்றுச் சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது. நானும் அவளோடு சேர்ந்து கட்டிலுக்கு அடியிலெல்லாம் சாவி தேடினேன். ஆக நகைக்கடைக்காரர், இரும்புக்கடைக்காரர், வாத்தியார் மூன்று பேர் சொன்னதும் சரி. வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்க வழி தெரியாமல்தான் முழிக்கிறேன்.

போன முறை மூலைக்கடைக்காரருக்குக் கால் முறிந்து கடை மூடியிருந்ததால், அவள் அதைக் கைக்குட்டையில் முடிந்து, உங்கள் ஊரில் பூசி வாங்கச் சொல்லி உங்கள் பையில் வைத்தாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால்தான் இருந்தேன். உங்கள் ஊர் ஆள் பூசணிக்காய் நிறத்தில் பூசியிருக்கிறார், அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவள் காது கேட்க அதைச் சொல்லிவிட்டீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. கரண்டி விழுந்தது அதற்குத்தான். நான் கோபப்படாமல் பேசாமல் இருந்திருந்தால், எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். அதனால் நம்புகிற மனிதன் எப்படி ஊரெல்லாம் அலைவானோ அப்படி அலைந்தேன்.

சங்கத் தலைவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அது தங்கம் இல்லை, பித்தளைதான். ஆனால் கடலோரத்துக் குட்டி ராஜ்யம் ஒன்று ஒரே ஒரு வருடம் அடித்த காசு. "பூசாம இருந்திருந்தா, கண்ணாடிக்குள்ள வெச்சு நானே வாசல்ல காவல் படுத்திருப்பேன். இப்ப இது சும்மா தகடு. யாருய்யா இந்த வேலையப் பண்ணது?" என்றார். "நான்தான்" என்றேன். "கொலைகாரன்" என்றார். அப்பா சாதாரணக் காசு இல்லை என்றது உண்மைதான் மாப்பிள்ளை. அது மட்டும் அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அந்த வீட்டில் அவள் ஒரு வாய் சோறு தின்னமாட்டாள்.

புது வீட்டுக்கு வருகிறோம், டிக்கெட் அப்படியே இருக்கிறது. ஏணி அங்கேயே இருக்கட்டும். நாணயத்தை டப்பாவில் வைக்காமல், வழுக்கைப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி, அவள் கண்ணில் படும்படி ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாங்கள் வரும்போது அதைக் கைக்குட்டையில் முடிந்து மறுபடி உங்களிடம்தான் கொடுப்பாள், இப்போது மூலைக்கடைக்குப் போனால் வாத்தியார் வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். இந்த முறை உங்கள் ஊர் ஆளிடம் வேண்டாம். எங்கள் மூலைக்கடைக்காரர் கால் சரியாகி வந்துவிட்டார், அவருக்கு அனுப்புங்கள், நிறம் அவருக்குத் தெரியும்.

ஒருவனையும் விட்டதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், அதுவும் பொய். விடவேண்டியவர்கள் ஏறியிருந்தால், டிக்கெட் கேட்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கடந்துபோயிருக்கிறேன். அடுத்த முறை சம்பந்தி முன்னால் அந்த டப்பாவைத் திறந்து இது தங்கம் என்று சொல்வேன். நீங்கள் ஜன்னல் பக்கம் பாருங்கள்.